நிற்கவே நிற்காத லோரி

லோரிக்காரரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சிரிப்பு அதற்குப் பிறகு வரும். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வரிசை மாறவில்லை. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் வீட்டு ஆட்கள் இன்னமும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார்கள். "எங்க தாத்தா லோரி எப்பய்யா கெட்டுப்போச்சு? நீ பாத்தியா?" என்று வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அந்தக் குணம் ரத்தத்தில் வருவது.

விஷயம் இவ்வளவுதான். தன் லோரி கெட்டுப்போனது என்று அந்த மனிதர் ஒரு நாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். நடுரோட்டில் நிற்கும், மூக்கிலிருந்து ஆவி அடிக்கும், அடியில் எண்ணெய் குளம் கட்டியிருக்கும். "என்னண்ணே, நின்னு போச்சா?" என்று கேட்டால், "நிக்கல தம்பி, நிறுத்தியிருக்கேன்" என்பார். முகத்தில் ஓர் அசைவு இருக்காது.

லோரி என்று சொல்கிறேனே தவிர, அது முழு லோரி அல்ல. இப்போது பிக்கப் என்கிறார்கள் பாருங்கள், அந்த ஜாதி. ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் கார். பின் பாதியை அறுத்து எடுத்துவிட்டு, சீனத் தச்சர் ஒருவரை வைத்துப் பலகைத் தொட்டி அடித்திருந்தார். முன்னால் தோல் மெத்தை, பித்தளை விளக்கு. பின்னால் மீன் பெட்டி வாசனை. முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் மாட்டு வண்டி. தொட்டியின் பலகை உளுத்துப்போனதும் அதை மாற்றுவாரா? மாட்டார். மாற்றினால் கெட்டுப்போனதாக ஆகிவிடுமே! வேறொரு காரின் அச்சையும் இரண்டு சக்கரத்தையும் தேடிப் பிடித்து, மேலே வண்டிப் பலகை போட்டு, இரும்புக் கொக்கியால் பின்னால் மாட்டிக்கொண்டார். டிரெய்லர் என்று நாங்கள் சொல்வோம். அவர் குட்டி என்பார். பாரமெல்லாம் குட்டியில்தான்.

அந்த லோரிக்கு ஒரு வியாதி உண்டு. பெட்ரோல் தொட்டி உட்காரும் இடத்துக்கு அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் முகம் தூக்கி ஏறினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. அதனால் மேடு வந்தால் லோரியைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்றிக்கொண்டு போவார். ஒரு தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஊரெல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க, நாங்கள் முதுகுப்பக்கமாக மலை ஏறிக்கொண்டிருந்தோம். "ஏண்ணே இப்படி?" என்றேன். "பின்னால வர்றவங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டுப் போறது மரியாதையா தம்பி?" என்றார். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

இன்னொரு நாள் செங்கல் சூளைப் பக்கம் லோரி நன்றாகவே படுத்துவிட்டது. மாட்டு வண்டிக்காரர் ஒருவர் மனசு இரங்கி, மாடுகளை அவிழ்த்து வந்து கயிறு கட்டி லோரியை இழுத்தார். கடைத்தெரு வந்ததும் நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? சுக்கானைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கினார். "வழி விடுய்யா! எவ்வளவு நேரந்தான் மாட்ட ஓட்டிக்கிட்டு என் முன்னாலயே போவ?" என்று அந்த வண்டிக்காரரையே அதட்டினார். வண்டிக்காரர் அப்படியே கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனார். லோரி சாக்கடை ஓரத்தில் இரண்டு நாள் கிடந்தது. இரண்டு நாளும் அவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய பெரிய வித்தை வேறு. லோரி எங்கே நின்றாலும், வரவேண்டிய இடமே அதுதான் என்பது போல இறங்குவார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நடப்பார். முன்பின் தெரியாத வீடாக இருக்கும். "சௌக்கியமா? இந்தப் பக்கம் வந்தேன், பாத்துட்டுப் போலாம்னு எறங்கினேன்" என்பார். அவர்களும் பாவம், யாரோ தூரத்து உறவு என்று நினைத்துக் காப்பி கொடுப்பார்கள். அடுத்த மாதம் லோரி அதே இடத்தில் நிற்கும். மறுபடியும் போவார். போகும்போது சும்மா போகமாட்டார்; பசாரில் வாங்கிய கருவாடோ வெற்றிலையோ கையில் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் அந்த ரோட்டில் அவர் உட்கார்ந்து சாப்பிடாத கல்யாணப் பந்தி கிடையாது. லோரி ஒழுங்காக ஓடியிருந்தால் அந்த மனுஷனுக்கு நாலு பேரைத் தெரிந்திருக்காது.

இனி என் கதைக்கு வருகிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்குகூட மிஞ்சவில்லை.

நான் அப்போது ரயில்வே சரக்கு ஆபீஸில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வயது இருபத்தாறு. எங்கள் குவார்ட்டர்ஸ் ஆட்கள் சேர்ந்து ஒரு பிள்ளையார் கோயில் கட்டியிருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து கல் பிள்ளையார் கப்பலில் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்துவிட்டார். கும்பாபிஷேகத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஐயர் வந்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று. சாமி மட்டும்தான் பாக்கி. ரயிலில் கொண்டுவந்தால் காலையில் ஏற்றி மத்தியானம் இறக்கியிருக்கலாம். நாங்களே ரயில்வேக்காரர்கள்! ஆனால் அந்த வாரம் சரக்கு வண்டியில் பன்றிகள் போகின்றன என்று கேள்விப்பட்டுக் கோயில் சங்கத் தலைவர் துள்ளிக் குதித்தார். "பிள்ளையாரப் பன்னிக்குப் பக்கத்துல உக்கார வைக்கிறதா? யாருடா அது சொன்னது?" என்றார். அப்போது என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "லோரியில கொண்டாந்துரலாம் ஐயா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். எந்த லோரி என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த லோரி ஒன்றுதானே!

தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுல ஏதாச்சும் ஆச்சு, நீ சங்கத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது" என்றார். சங்கத்தில் செயலாளர் பதவி எனக்கு அந்த வருஷம்தான் கிடைத்திருந்தது. அதை வைத்துத்தான் ஒரு பெண்வீட்டார் என்னை மதித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைவருடைய தங்கை மகள்தான் பெண். ஆக, நான் கொண்டுவரவேண்டியது பிள்ளையாரை மட்டும் அல்ல.

காலையில் துறைமுகத்தில் எட்டுப் பேர் சேர்ந்து பிள்ளையாரைக் குட்டியில் ஏற்றினோம். வைக்கோல் சுற்றி, சாக்குப் போட்டு, தாம்புக் கயிற்றால் கட்டினோம். கிள்ளான் ஊரைத் தாண்டும்வரை லோரி ராஜா மாதிரி போனது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்தோமோ என்று.

பாதி வழியில் மேடு வந்தது. பின்பக்கமாக ஏறலாம் என்றால் பின்னால் குட்டி, குட்டியில் பிள்ளையார். முன்பக்கமாகவே ஏறிப் பார்த்தார். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. ஒரு தடவை தும்மியது. பிறகு நாங்கள் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தோம். பிரேக்கை மிதித்து மிதித்து, சுக்கானைத் திருப்பித் திருப்பி, ரோட்டோரத்தில் இருந்த ரப்பர்த் தோட்டத்தின் செம்மண் தடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். எஞ்சினைக் கிளப்பும் கைக்கம்பியை முன்னால் செருகிச் சுற்றினார். பத்துத் தடவை சுற்றினார். லோரிக்கு உயிர் வரவில்லை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. இங்க லயத்துல நமக்கு வேண்டியவங்க இருக்காங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடுறேன்."

"அண்ணே, சாமி இருக்குண்ணே வண்டியில!"

"இருக்கட்டும், என்ன ஓடியா போயிடும்?" என்று வேட்டியை உதறிக்கொண்டு நடந்துவிட்டார்.

மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போனவர்கள், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தங்கள் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பும் நேரம் அது. அவர்களிடம் இவர் என்ன சொன்னார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "சௌக்கியமா? உங்களப் பாக்கலாம்னு வந்தேன். பிள்ளையாரும் கூட வந்திருக்காரு" என்று சொல்லியிருக்கிறார்! வழக்கமாகச் சொல்லும் பொய்தான். அன்றைக்கு ஒரு பெயர் கூடிப்போயிற்று, அவ்வளவுதான்.

கால் மணி நேரத்தில் அறுபது எழுபது பேர் வந்துவிட்டார்கள். பால் வாளியைக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், மஞ்சள் வந்தது, தேங்காய் வந்தது, யாரோ ஒருவர் சட்டியில் நெருப்பு எடுத்துவந்தார். முன்னால் ஆட்களுக்குப் பொறுப்பான கங்காணி. அவர் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டியபடியே மரம் வெட்டும் அம்மா ஒருத்தி. நாற்பது வயது இருக்கும், குரல் மணி போல இருந்தது. நான் கத்தக் கத்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். வைக்கோலை எடுத்துப் போட்டார்கள். பிள்ளையார் வைக்கோலுக்கு வெளியே வந்து குட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்தத் தோட்டத்தில் கோயில் கிடையாது. ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இருந்தது, அதுதான் சாமி. கோயில் கட்ட இடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். தோட்டத்துத் துரை, கட்டடம் எதுவும் வரக்கூடாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாராம். இதைக் கங்காணி என்னிடம் சொல்லிவிட்டு, "நாங்க போய்க் கேட்டோம், கெடைக்கல. அவரே தேடி வந்துட்டாரு, கிராணியாரே. இனி அனுப்ப மாட்டோம்" என்றார்.

"யோவ், அவரு தேடி வரல! லோரி கெட்டுப்போச்சுய்யா!" என்று நான் அலறினேன்.

கங்காணி நியாயஸ்தர். எல்லோரையும் கையமர்த்தினார். "லோரிக்காரர் அந்த வார்த்தைய அவர் வாயால சொல்லட்டும். நாங்களே மேட்டுக்கு மேல தள்ளிவிட்டுடுறோம்" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒரே ஒரு வார்த்தை. லோரிக்காரரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "அண்ணே, காலப் பிடிக்கிறேன். கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. என் வாழ்க்கையே இதுல இருக்கு. கல்யாணம் இருக்குண்ணே!" என்றேன்.

"இல்லாதத எப்படித் தம்பி சொல்றது?"

"இல்லாததா? பத்துத் தடவ சுத்தினீங்களேண்ணே!"

"அது கைக்கு ஒரு பயிற்சி" என்றார். அடித்தே இருப்பேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்துத்தான் அவர் பேச்சு நின்றது. கொஞ்ச நேரம் லோரியைப் பார்த்தார். அதன் பித்தளை விளக்கைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார், மன்னிப்புக் கேட்பது போல. பிறகு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"கெட்டுப்போச்சு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டது. கங்காணி தலையை ஆட்டினார். ஆட்கள் முண்டாசை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு தள்ளுவதற்குத் தயாரானார்கள். அந்த அம்மா மட்டும் நகரவில்லை.

"இன்னிக்குக் கெட்டுப்போச்சு, சரி. அன்னிக்கு என் மகளுக்குச் சடங்கு வச்சப்ப வந்தீங்களே அண்ணே, அது?"

அந்த அம்மா விடவில்லை.

"எம் புருசன் செத்த மூணாம் நாளு வந்தீங்க. அரிசி கொண்டாந்து எறக்கினீங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தங்கச்சின்னு சொன்னீங்க. அதெல்லாம் லோரி கெட்டுப்போயி வந்ததுதானா? எங்களப் பாக்க வரலியா?"

லோரிக்காரர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. இரண்டு பக்கமும் இழுத்தால் மனுஷன் எந்தப் பக்கம் போவான்?

"இல்ல தங்கச்சி" என்றார் கடைசியில். "உங்களப் பாக்கத்தான் வந்தேன். எல்லாத் தடவையும். இன்னிக்கும். லோரிக்கு என்ன கேடு?"

"அரோகரா!" என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சத்தம்தான் துரையைக் கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல உயரம், முழங்கால்வரை காலுறை. துரைமார் பேசும் தமிழ் உங்களுக்குத் தெரியாது. எல்லோரும் நீ, எல்லாச் சங்கதியும் அது.

"என்ன இது? கோயில் இல்லை நான் சொன்னது!"

எல்லோரும் தலை குனிந்தார்கள். துரை டிரெய்லரைச் சுற்றி வந்தார், பிள்ளையாரைப் பார்த்தார், லோரியைக் காலால் ஒரு தட்டு தட்டினார். லோரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கூட்டத்தில் காலில் சப்பாத்து போட்டிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் துரை நேராக என்னிடம் வந்தார்.

"நீ சொல்லு. வண்டி உடைஞ்சு போச்சா? உடைஞ்சுதுன்னா என் மாடு நாலு ஜோடி இருக்கு. இப்பவே இழுத்து ரோட்டுல விடும். உடையலன்னா இப்பவே நீ ஓட்டிக்கிட்டுப் போ."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பது இதுதான். நாலு ஜோடி மாடு! ஆமாம் துரை, உடைந்துவிட்டது என்று நான் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் பிள்ளையார் பிரிக்பீல்ட்ஸில் இருப்பார். தலைவர் என்னைக் கட்டிக்கொள்வார். தங்கை மகள் விஷயமும் முடிந்துவிடும். அரை நாளாக நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த உண்மை அது. அதைச் சொல்வதற்கு எனக்கு என்ன கஷ்டம்?

அந்த அம்மா பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் தண்ணீர் அவர் வயிற்றில் வழிந்து தொப்புளில் தேங்கி நின்றது. அவள் துரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முந்தானையால் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள், குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்பது போல. நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். நான் இளகின மனசுக்காரன் அல்ல, யாரையும் கேட்டுப் பாருங்கள்.

"உடையல துரை" என்றேன்.

"அப்ப ஓட்டு!"

"வண்டி நல்லா இருக்கு துரை. நேரம்தான் சரியில்ல. சாமிய நல்ல நேரம் பாத்துத்தான் நகத்தணும். பஞ்சாங்கம் பாத்துட்டு எடுத்துடுறோம்."

துரைக்கு ராகு காலம் தெரியும். எத்தனை தடவை அதைச் சொல்லி ஆட்கள் அவரை அலைக்கழித்திருப்பார்கள்! மீசையைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "அது போற வரைக்கும் கட்டடம் கட்டக் கூடாது" என்றார்.

"கட்டடம் ஏது துரை? வண்டி நிக்குது, அவ்வளவுதான்."

துரை போய்விட்டார். லோரிக்காரர் கொக்கியைக் கழற்றிக் குட்டியைத் தனியாக விட்டார். பாரம் இல்லாமல், பின்பக்கமாக, மேட்டின் மேல் ஏறினோம். அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது, ஒரே சுற்றில் எடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்ததும் ஒரு கடையில் நிறுத்தி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் உண்மையாகவே நிறுத்தினார்.

அந்தக் குட்டி அங்கேயே நின்றது. பிள்ளையாருக்கு வெயில் படுகிறதே என்று அத்தாப்பு ஓலையில் கூரை போட்டார்கள். மழைச் சாரல் அடிக்கிறதே என்று தட்டி கட்டினார்கள். கட்டடம் கட்டவில்லை. துரைக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருந்தது. சக்கரம் இரண்டும் கண்ணுக்குத் தெரிய வண்டிதான் நின்றது. துரை எப்போது கேட்டாலும் காட்டுவதற்காக லோரிக்காரர் மாதம் ஒரு தடவை போய், பிள்ளையாருக்கு அடியில் மல்லாந்து படுத்து அச்சுக்கு மசை போட்டுவிட்டு வருவார். எங்கள் கோயிலுக்கு வேறு பிள்ளையார் வந்தார், ரயிலில்தான். என் செயலாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பெண்ணும் வேறொருவருக்குப் போனாள். லோரிக்காரரிடம் நான் ஒரு வருஷம் பேசவில்லை.

ஆனால் அன்றைய சாயங்காலத்தைச் சொல்லி முடிக்கவேண்டும். மேளம், நாதஸ்வரம், ஆரத்தித் தட்டு, பொம்பளைகள், பிள்ளைகள் எல்லாம் கோயில் வாசலில் காத்திருந்தார்கள். வெறும் லோரி வந்து நின்றது. மேளக்காரர் தெரியாமல் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். தலைவர் மாலையோடு வந்து, தொட்டியை எட்டிப் பார்த்தார். குனிந்து பின்னால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையார் எங்கடா?"

லோரிக்காரர் வாயைத் திறந்தார். நான் அவரை முந்திக்கொண்டேன்.

"வந்துகிட்டே இருக்காருங்க ஐயா" என்றேன். என் முகத்தில் ஓர் அசைவு இல்லை.